கூடையின் மேல் பெயர்

மார்ச் 3, திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடு, ஏழு திருகுகள். அவிநாசி சாலையில் பைக் வழுக்கியதற்கு இவ்வளவு உலோகம். பம்பு கம்பெனியில் இரண்டு மாத விடுப்பு. என் சோதனை மேடையை ஹரிகிருஷ்ணன் பார்த்துக்கொள்கிறானாம். "நல்லாத்தான் பாக்கறான்" என்று மேனேஜர் போனில் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

தினமும் வலது கையால் கொஞ்சமாவது எழுத வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்ட் அருள்செல்வியின் உத்தரவு. "என்னத்த எழுதறது?" என்றேன். "எது வேணா எழுதுங்க சார். நான் என்ன படிக்கவா போறேன்?" ஆகவே இது கைப்பயிற்சி. டைரி எழுதும் ஆள் நான் இல்லை.

இன்னொரு பயிற்சி, மாவு பிசைவது. சப்பாத்தி மாவு போதும் என்றார். வீட்டில் நானும் மோகனாவும் இரண்டே பேர். தினமும் அத்தனை சப்பாத்தியை யார் தின்பது?

கைப்பிடி வலு: இடது 41 கிலோ, வலது 9.

மார்ச் 6, வியாழன்

மூன்றாம் மாடி ஷெரின் அக்கா ஒரு ஜாடி கொடுத்தார். உள்ளே குமிழி விட்ட புளித்த மாவு. சவர்டோ பிரெட்டுக்கான தாய்மாவு. ஈஸ்ட் வேண்டாம், இதுவே பிரெட்டை எழுப்பும். தினமும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் கொடுத்தால் சாகாது.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. வெப்பநிலை, ஈரம், நேரம், எடை, எல்லாம் எண்கள். தராசு வாங்கினேன். வெப்பமானி வாங்கினேன். ஓவன் அடுப்புக்குள் வைக்க மூடியுள்ள இரும்புச் சட்டி ஒன்றும், ஒரே அளவில் இரண்டு பிரம்புக் கூடைகளும் வாங்கினேன். வடிவம் கொடுத்த மாவு அந்தக் கூடையில் உட்கார்ந்து எழும்ப வேண்டும்.

"எதுக்குங்க ரெண்டு கூடை?" என்றாள் மோகனா.

"ஒண்ணு உடைஞ்சா?"

"கூடை எங்கீங்க உடையும்?"

மார்ச் 9, ஞாயிறு

முதல் பிரெட். தட்டை. ஊத்தப்பத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. மாவு மிஞ்சியது. இரண்டாவது கூடை சும்மா கிடக்கிறதே என்று மோகனா அதை உருட்டிப் போட்டாள். எடை பார்க்கவில்லை, மணி பார்க்கவில்லை. டிவியில் சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே உருட்டினாள்.

அது எழும்பி நின்றது. மேல்பகுதி வெடித்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக, புத்தகத்தில் போட்டிருக்கும் படம் போல.

தற்செயல். ஒரே ஒரு மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எனக்குக் கோபம் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

ஐந்து நாளில் நான்கு முறை. நான்கிலும் அவளுடையது எழுந்தது. என்னுடையது பரந்தது.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். பிசைவதிலோ புளிப்பதிலோ இல்லை, வடிவம் கொடுப்பதில். மாவைப் பலகைமேல் கவிழ்த்து, நான்கு பக்கமும் உள்ளே மடித்து, சுருட்டி, பிறகு இரண்டு கையாலும் பின்பக்கம் அணைத்து நம்மை நோக்கி இழுக்க வேண்டும். பலகை அடியைப் பிடித்துக்கொள்ளும், மேல்தோல் இறுகும். இறுகியது போதும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு இழுப்பு கூடினால் தோல் கிழிந்துவிடும்.

"எத்தனை தடவை இழுக்கற?" என்று கேட்டேன்.

"எண்ணலீங்க."

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியுது?"

"அதுவே போதும்னு சொல்லுங்க."

"மாவு பேசுமா?"

"உங்ககிட்ட பேசாது போல" என்று சிரித்தாள்.

அவள் வீட்டில் இட்லி மாவை அவள்தான் கையால் கரைக்க வேண்டுமாம். அவள் அக்கா கரைத்தால் பொங்காதாம், இவள் கரைத்தால் சட்டி தாண்டி வழியுமாம். கை ராசியாம். எம்.எஸ்ஸி. கணிதம் படித்த பெண் பேசுகிற பேச்சா இது?

வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஆறு இழுப்பு. நானும் ஆறு இழுத்தேன். கிழிந்தது.

மார்ச் 15, சனி

36 டிகிரி. தட்டை.

மார்ச் 19, புதன்

கைப்பிடி 14 கிலோ. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்னும் மரத்த மாதிரிதான் இருக்கின்றன. அருள்செல்வி கேட்டபோது சரியாகிவிட்டது என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் விடுப்பை நீட்டுவார்கள், ஹரிகிருஷ்ணன் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுவான்.

சாயந்தரம் சட்டியை எடுத்தபோது மோகனா கத்தினாள். "விரலைப் பாருங்க!" நடுவிரலில் கொப்புளம். சூடு எனக்குத் தெரியவே இல்லை.

"டாக்டர்கிட்ட சொல்லலாங்க."

"உன் வேலையைப் பாரு."

பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. கோபம் இல்லை. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

ஷெரின் அக்கா வந்தார். இரண்டு பிரெட்டையும் அறுத்து வைத்தேன். யாருடையது எது என்று சொல்லவில்லை. முறையான சோதனை என்றால் அப்படித்தான்.

மோகனாவுடையதைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். என்னுடையதை ரொம்ப நேரம் மென்றார். "இதுவும்... டோஸ்ட் பண்ணினா நல்லா இருக்கும், தம்பி" என்றார். என்னுடையது எது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? என் முகத்தையா பார்த்தார்?

"நான் போட்டது அடுப்புல நல்ல இடத்துல இருந்துச்சுங்க்கா, அதான்" என்றாள் மோகனா. இருப்பதே ஒரு அடுப்பு. ஒரு நேரத்தில் ஒரு சட்டிதான் உள்ளே போகும்.

போட்டி என்றாலே அவளுக்கு ஆர்வம் கிடையாது. இரண்டு வருடம் முன்பு எங்கள் குடியிருப்பு ஷட்டில் போட்டியில் கடைசி ஆட்டம் எனக்கும் அவளுக்கும்தான். ஜெயித்தது அவள். அதன்பின் மட்டையைத் தொடவே இல்லை. முட்டி வலியாம். மட்டை பரண்மேல் கிடக்கிறது.

மார்ச் 27, வியாழன்

ஷெரின் அக்கா ரேஸ் கோர்ஸ் பக்கம் காலை உணவுக் கடை திறக்கிறார். வாரம் மூன்று நாள் பிரெட் வேண்டும். வெளியே வாங்கப் போவதில்லை, வீட்டில் கையால் செய்ததுதான் வேண்டுமாம்.

"மோகனா, நீ போட்டுத் தர்றியா?" என்று நேராகவே கேட்டார்.

மோகனா என்னைப் பார்த்தாள். "அவருந்தாங்க்கா போடறாரு" என்றாள்.

"அப்ப ரெண்டு பேரும் ஏப்ரல் ஆறாம் தேதி ஆளுக்கொண்ணு கொண்டு வாங்க. ஒரே மாவு, ஒரே எடை. எது நல்லா இருக்கோ அது கடைக்கு."

நியாயமான ஏற்பாடு. எனக்கு வேலை இருக்கிறது, இந்தக் கடை வியாபாரம் தேவையே இல்லை. ஆனால் அளந்து செய்பவன் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு எதற்கு?

மோகனா கல்லூரியில் பாடம் நடத்துவதை விட்டு மூன்று வருடமாகிறது. இன்று சாயந்தரம் ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். பாட்டுப் போல இருந்தது. அவள் பாடி ரொம்ப நாளாயிற்று.

ஏப்ரல் 2, புதன்

நான்கு மாவு, நான்கு தட்டை. ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். மோகனா அதை எடுத்துத் துண்டு போட்டு, உப்புமா மாதிரி தாளித்து வைத்தாள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

மாலை ஐந்தரைக்கு வடிவம் கொடுத்தோம். ஒரே பலகை, எதிரெதிரே நின்றோம். 850 கிராம், 850 கிராம். நான்தான் எடை போட்டேன்.

அவள் கையை எவ்வளவு பார்க்கக் கூடாது என்று நினைத்தேனோ அவ்வளவு பார்த்தேன். விரலை விரிப்பதில்லை. உள்ளங்கையின் ஓரம் மட்டும் மாவைத் தொடுகிறது. குழந்தையின் முதுகை அணைக்கிற மாதிரி அணைத்து இழுக்கிறாள். மாவும் வெட்கமில்லாமல் அவள் பின்னாலேயே போகிறது. கடைசியில் ஒரு விரலால் மேலே தொட்டுப் பார்த்தாள். பள்ளம் விழுந்து மெதுவாக எழுந்தது. போதும் என்று கூடையில் கவிழ்த்தாள்.

என்னுடையது ஓரத்தில் கிழிந்தது. அடிப்பக்கம் போகும்படி வைத்தேன். அவள் பார்த்தாளா தெரியவில்லை.

கூடைகளைத் துணியால் மூடினேன். டேப் ஒட்டி ஒன்றில் 'த', இன்னொன்றில் 'மோ' என்று எழுதினேன்.

"தரணிதரன்னு முழுசா எழுதுங்களேன். எதுக்குங்க டேப்பெல்லாம்? தொட்டாத் தெரியாதா?" என்றாள்.

"தொட்டாத் தெரியும்னு சொல்றவங்களாலதான் எங்க கம்பெனில பம்பு மாறிப் போகுது" என்றேன்.

ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இடது பக்கம் த, வலது பக்கம் மோ. குளிக்கப் போனேன். வந்து பார்த்தேன். த, மோ. சரி.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதலாமா என்று யோசித்தேன். யாரும் படிக்கப் போவதில்லை.

காலை ஐந்தே முக்காலுக்கு மோகனா பால் வாங்கக் கீழே போனாள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டு டேப்பையும் உரித்து மாற்றி ஒட்டினேன். கூடைகளையும் இடம் மாற்றி வைத்தேன். முழுதாக நாற்பது நொடி. டேப் சுலபமாகவே உரிந்து வந்தது. ஈரம் என்று நினைத்தேன். மூடிய துணியைத் தூக்கிப் பார்க்க நேரமில்லை, லிஃப்ட் சத்தம் கேட்டுவிட்டது.

ஏன் செய்தேன் என்று எழுதத் தெரியவில்லை. நேற்று அந்த மாவு அவள் கைக்குப் பின்னால் போன விதம். அவ்வளவுதான்.

முதலில் 'த'. சட்டியில் கவிழ்த்து, பிளேடால் கீறி, மூடி, அடுப்பில் வைத்தேன். அடுத்தது 'மோ'. மோகனா கவிழ்த்தாள். விரலை வைத்தாள். அப்படியே நின்றாள். கூடைமேல் இருந்த டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்று கீறினாள்.

முடிவு: 'த' பரந்து கிடந்தது. 'மோ' எழும்பி, வெடித்து, தேன் நிறத்தில் நின்றது. ஷெரின் அக்கா இரண்டாவது துண்டு கேட்கவில்லை, அவரே அறுத்துக்கொண்டார். "செவ்வாய், வியாழன், சனி. பதினொண்ணாந் தேதி திறப்பு, அன்னிக்கும் வேணும். சரியா மோகனா?"

ஏப்ரல் 7, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்று முழுக்க யோசித்தேன். விஷயம் ரொம்பத் தெளிவு.

நான் டேப்பை மாற்றினேன். ஆகவே 'மோ' கூடையில் இருந்தது என் மாவு. ஆகவே எழும்பி நின்றது என் மாவு. ஜெயித்தது என் கை. ஒரு மாதமாக இழுத்து இழுத்து, கடைசியில், போட்டிக்குப் போட்ட மாவில், எனக்கு வந்துவிட்டது. அது அவள் பெயரில் போய்விட்டது!

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் டேப்பை மாற்றியதையும் சொல்ல வேண்டும்.

அவள் மாவு தட்டையானதை அவள் என் பெயரில் பார்த்தாள். என் மாவு எழும்பியதை அவள் பெயரில் வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டால் தெரியும் என்றாளே? தெரிந்துதானே நின்றாள்? தெரிந்தும் வாங்கிக்கொண்டாள்.

கோபம் இல்லை. தலைவலி.

ஏப்ரல் 11, வெள்ளி

கடை திறந்தது. ஷெரின் அக்கா வாங்கித் தந்த கூடைகளையும் சேர்த்து ஆறு பிரெட் போட்டாள். நேற்று மத்தியானமே எல்லா மாவையும் தயார் செய்துவிட்டாள். பலகை முன்னால் நின்று முணுமுணுக்காமல் பாடினாள், சத்தமாகவே. நான் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அவளும் குரலைக் கூட்டினாள்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. கை வலி.

நானும் தனியாக ஒன்று போட்டேன், வந்த கை போய்விடக் கூடாதே என்று. தட்டை. 37 டிகிரி வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஷெரின் அக்கா ஒரு படம் அனுப்பினார். கடையில் கரும்பலகை, அதில் சாக்பீஸில்: 'மோகனா கைப் பிரெட்'. கீழே யாரோ பூ வரைந்திருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. அடுக்களைக்குப் போனேன். மோகனா மாவுக்கு வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னோட பிரெட்" என்றேன்.

"எதுங்க?"

"ஆறாந் தேதி ஜெயிச்சது. நீ பால் வாங்கப் போனப்ப டேப்பை நான் மாத்திட்டேன். உன் பேர்ல இருந்தது என் மாவு. என் கை."

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். கை நிற்கவில்லை. இழுத்து, தொட்டுப் பார்த்து, கூடையில் கவிழ்த்து, துணி போட்டு மூடி, கையைக் கழுவி, துடைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீங்க மாத்தினது தெரியும். கவுத்து விரல் வெச்சதுமே தெரிஞ்சுருச்சு. ஆனா அது என் மாவுங்க."

"அது எப்படி உன்னுதாகும்? நான்தான் மாத்தினேனே!"

"அதுக்கு முந்துன நாள் சாயந்தரம் நீங்க குளிக்கப் போனீங்கல்ல? அப்ப நான் மாத்தி வெச்சேன். டேப்பையும் மாத்தி, கூடையையும் இடம் மாத்தி. நீங்க வந்து பார்ப்பீங்கன்னு தெரியும்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. ஷெரின் அக்கா மாவு வாங்கின பில்லின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். அவள் மாற்றினாள். நான் மாற்றினேன். ஆகவே 'மோ' அவளுடையது. 'த' என்னுடையது. அவள் பொறுமையாக நின்று நான் கட்டம் போடுவதைப் பார்த்தாள்.

நான் கையே வைக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். அவள் மாவில்.

"எனக்காக விட்டுக்கொடுத்தியா?" என்றேன்.

"விட்டுக்கொடுக்கறதெல்லாம் இல்லீங்க. அந்த மாதிரி பெரிய மனசெல்லாம் எனக்கு இல்ல. அலுப்பு."

"என்ன அலுப்பு?"

"நீங்க தோத்தீங்கன்னா பேசமாட்டீங்க. ஷட்டில்ல ஜெயிச்சப்ப பன்னெண்டு நாள் பேசல. காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன், வேணும்னா பாருங்க. அந்தப் பன்னெண்டு நாள்லதான் எனக்கு முட்டி வலி வந்துச்சு."

நான் பில்லை நான்காக மடித்தேன்.

"காலேஜ்ல என்னை ஹெச்.ஓ.டி. ஆக்கறேன்னாங்க. அந்த வருஷம் உங்களுக்கு புரமோஷன் வரல. அப்பவும் எனக்கு ஒரு வலி வந்துச்சு. இடுப்பு வலின்னு சொன்னேன்னு நினைக்கறேன். இந்தத் தடவை என்ன வலி சொல்றதுன்னு தெரியல. டேப்பை மாத்தறது சுலபமா இருந்துச்சு."

"அப்ப நான் மாத்தினது தெரிஞ்சதும் ஏன் சும்மா இருந்த?"

"எனக்கு வேண்டாம்னு நானே தூக்கிப் போட்டது. நீங்களா எடுத்துக் கையில குடுக்கறீங்க. சரி, இந்தத் தடவை வெச்சுக்கலாம்னு தோணுச்சு. பன்னெண்டு நாள் ஓட்டிரலாம்னு தயாராத்தான் இருந்தேன்." காலண்டர் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு ஏழு."

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலையில் கனி பார்க்க எழுப்பினாள். தட்டில் மாம்பழம், எலுமிச்சை, அவள் நகை, நடுவில் கண்ணாடி. கண்ணைத் திறந்தால் முதலில் நல்லதைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

இந்த நோட்டைப் புரட்டினேன். 'கோபம் இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் அதற்குப் பிறகு எத்தனை நாள் பேசவில்லை என்று இதில் இல்லை. அதைக் குறித்தவள் மோகனா. என் பதிவேடு சரியில்லை. சோதனை மேடையில் ஹரிகிருஷ்ணன் இப்படி ஒரு பதிவேடு கொடுத்தால் முகத்தில் விட்டெறிவேன்.

ஏப்ரல் 16, புதன்

அருள்செல்வியிடம் இரண்டு விரலும் மரத்திருப்பதைச் சொன்னேன். திட்டினார். நரம்புச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். விடுப்பு இன்னும் ஒரு மாதம் நீளும்.

"அப்பவே சொல்லியிருக்கணும் சார். உணர்ச்சி இல்லாத விரலை வெச்சுட்டு எப்படி மாவு உருட்டினீங்க? அது எங்க கிழியுதுன்னே தெரிஞ்சிருக்காதே!"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம். தோற்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, நரம்பு! மோகனாவிடம் சொல்ல வேண்டும் என்று படியேறினேன். கதவு வரை வந்தபின், விரல் நன்றாக இருந்திருந்தாலும் அவளுடையதுதான் எழுந்திருக்கும் என்று தோன்றியது. நரம்புச் சோதனை என்பதை மட்டும் சொன்னேன். "நானும் வர்றேங்க" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து மட்டைகளை இறக்கினேன். தூசி தட்டி மேசைமேல் வைத்தேன்.

"முட்டி வலி எப்படி இருக்கு?" என்றேன்.

மட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் கை சரியில்லையே?"

"இடது கை இருக்கு. நாப்பத்தொரு கிலோ."

கீழே போனோம். ஐந்து மணி வெயிலில் வாட்ச்மேன்கூட நிழலைவிட்டு வரவில்லை. 21–4. அந்த நாலில் இரண்டு அவளே வெளியே அடித்தது. வேண்டுமென்று அடித்தாளா என்று கேட்க வாய்வரை வந்தது. "நிஜமா ஆடு" என்றேன். அதன்பின் எனக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை.

மேலே வந்ததும் அவள் முகம் கழுவி, பலகையில் மாவைக் கவிழ்த்தாள். நாளைக்கு ஷெரின் அக்கா கடைக்குக் கூடுதலாக எட்டு வேண்டுமாம். நான் டேப்பை எடுத்து எட்டுக் கூடையிலும் 'மோ' என்று எழுதி ஒட்டினேன். எட்டாவதை ஒட்டும்போது வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் அப்படியேதான் இருந்தது. துளிகூடக் குறையவில்லை. அவள் ஆறாவது இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள்.

"நல்லா ஆடுன" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "என்னங்க?"

காதில் விழாமல் இல்லை. விழுந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தும் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.